கண்ணாடிச் சில்லில் மேத்தன் மணி கண்ட பகவதிப்பெருமாள் பிள்ளையவர்களுக்கு

கரமனை தர்ம ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோராண்டுகள் முறை பிறழாது பணிபுரிந்து, துன்முகி ஆண்டு ஐப்பசித் திங்கள் பதினைந்தாம் நாள், கொல்லம் 1132 துலாம் 15, புதன்கிழமையாகிய இன்று ஓய்வு பெறும் உயர்திரு பூ. பகவதிப்பெருமாள் பிள்ளையவர்கள் திருமுன், ஊழியர் அனைவரும் ஒருமனதாய்ப் படைக்கும் அன்பு மடல்.

பழையாறு பாயும் பூதப்பாண்டியில் பிறந்து, பத்மநாபன் பள்ளிகொண்ட அனந்தபுரியைப் பணியிடமாய்க் கொண்ட பண்பாளரே! மயிரிழையினும் மெல்லிதாய் மெழுகைச் சீவி, மறைந்திருந்த நோயை மருத்துவர் கண்முன் நிறுத்திய மாண்பாளரே! சிவப்பும் நீலமுமாய்ச் சாயமேற்றிச் சில்லுதோறும் சித்திரம் செய்த சீராளரே! வாய் திறவாது வாழ்ந்து, வாயிழக்க இருந்தவர்க்கு வாய் தந்த வள்ளலே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

அறுவை மேசையில் புளியங்கொட்டை அளவாய் அறுத்தெடுத்த சதைத் துணுக்கை, அழுகாதிருக்க மருந்து நீரில் ஊறவிட்டு, ஊறியதை உருக்கிய மெழுகில் புதைத்து, இறுகியதை இமை கொட்டாது சீவி, சீவியதை வெந்நீரில் மிதக்கவிட்டு, மிதந்ததைக் கண்ணாடிச் சில்லில் ஏந்திச் சாயம் பூசித் தாங்கள் வைத்தால், அதன் பிறகன்றோ டாக்டர்கள் தம் அறிவைக் காட்டினார்கள்! மீனம், மேடமாகிய கோடை மாதங்களில் மெழுகு குழைந்து கத்திக்கு அடங்காமல் போகும் என்று, விடிந்ததும் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சோடாக்கடை ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வந்த காட்சியை இந்த ஆஸ்பத்திரி மறக்குமோ! தங்கள் கத்தியைத் தொட எங்களில் எவருக்கும் தைரியம் இருந்ததில்லை. ஒருமுறை ஒரு நர்ஸ் அதில் பென்சில் சீவிவிட்டார்; தாங்கள் அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதினேழு நாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை, அவ்வளவுதான்.

இதுவரை முறைப்படி எழுதியாயிற்று. இந்த மடலை எழுதும் பொறுப்பு ரிக்கார்டு கிளார்க் பிச்சுமணியாகிய என் தலையில் விழுந்தது. "தாங்கள், தாங்கள்" என்று எழுதும்போது எதிரே யாரோ திவான் உட்கார்ந்திருப்பது போலக் கை கூசுகிறது. இருபத்துநான்கு வருஷமாக "ஓய் பிள்ளைவாள்" என்று கூப்பிட்ட வாய் இது. ஆகையால் இனி "நீர்" என்றே எழுதுகிறேன். ஊழியர் சங்கம் மன்னிக்கட்டும்.

உம்முடைய அலமாரியின் மூன்றாவது இழுப்பறையில் "வழி தெற்றினவை", அதாவது வழி தவறியவை, என்று உமது கையாலே எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது. விஷயம் தெரியாதவர்கள் அஞ்சலாபீஸ் சமாசாரம் என்று நினைப்பார்கள். ரத்தத்தின் அணுக்கள் எலும்பின் உள்ளே மஜ்ஜையில் பிறக்கின்றன. அவற்றில் கோளாறு வந்தால் எலும்பிலோ ரத்தத்திலோ வருவதுதான் வழக்கம். ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு, பதினாயிரத்தில் ஒருவருக்கு, அந்த அணுக்கள் தமக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் போய்க் கட்டியாகக் கூடாரம் அடிக்கும். மூக்கில், கண் குழியில், இரைப்பையில், தொண்டையில். கிழக்கேகோட்டைக்கு டிக்கெட் வாங்கினவன் விழிஞ்ஞத்தில் இறங்கி நிற்கிற கதை. பார்க்கிற டாக்டர் அந்த இடத்தில் வழக்கமாக வரும் நோயைத்தான் நினைப்பார். அப்படி ஏமாற்றிய கட்டிகளை நீர் முப்பத்தோரு வருஷத்தில் பதினொன்று சேர்த்து வைத்திருக்கிறீர்.

அவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எட்டு வருஷம் முன்பு போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முத்தாரம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். மார்பில் கட்டி. அறுத்ததும் உள்ளே இளம் வாழையிலை நிறம். அந்த ஜாதிக் கட்டியின் பச்சை, காற்றுப் பட்டால் சற்று நேரத்தில் வெளிறிப் போய்விடும் என்பது உமக்குத் தெரியும். டாக்டர் வரும்வரை காத்திராமல் உமது பேத்தியின் வர்ணப் பெட்டியை, அன்று எதற்காகவோ அது உம் பையில் இருந்தது, எடுத்து அந்தப் பச்சையை நோட்டுப் புத்தகத்தில் அப்படியே தீட்டிவிட்டீர். டாக்டர் வந்தபோது சதை சாம்பல் நிறமாகக் கிடந்தது. படத்தைப் பார்த்துத்தான் அது ரத்தத்தின் கட்டி என்று தெரிந்துகொண்டார். முத்தாரம்மாள் பிழைக்கவில்லை. அதற்கு அன்று மருந்து இல்லை, இன்றும் இல்லை. அவள் புருஷன் வந்து நின்றபோது நீர் கூடத்தின் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதீர். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தீர், கேட்டது ஓய்.

இனி உமது சீட்டுப் பழக்கத்துக்கு வருகிறேன். நீர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அன்றிருந்த பெரிய டாக்டரிடம், "சாரே, இது வேற தீனமாக்கும்" என்று வேறொரு நோயின் பேரைச் சொல்லப் போக, அவர் எல்லார் முன்னிலையிலும், "சீவுவது உம் வேலை, சொல்வது என் வேலை" என்று சொல்லிவிட்டார். அன்று மூடினீர் வாயை. எந்த டாக்டர் கேட்டாலும், "நமக்கு அபிப்பிராயம் ஒண்ணும் கெடையாதாக்கும். சீவுகது நம்ம ஜோலி" என்பதே பதில். ஆனால் மனசு கேட்காதே! கேட்ட சீவலுக்கு மேல் இன்னும் ஒன்று, கொஞ்சம் ஆழத்திலிருந்து, யாரும் கேட்காமலே சீவிச் சாயமேற்றி வைப்பீர். அதில் ஏதேனும் தென்பட்டால் இரண்டு சொல்லில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, சில்லின் மேல் சுற்றி, டாக்டர் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவீர். "ஓரம் நோக்கவும்." "கீழே நோக்கவும்." இப்படி. அந்தச் சீட்டுகளில் ஒன்றால் என் சனிக்கிழமை எண்ணெய்க் குளி கெட்டது. ஒரு பெண்ணின் குரல் பிழைத்தது.

அந்தப் பெண் விழிஞ்ஞத்து ராகேல். இந்த மண்டபத்தின் கதவோரம் நிற்கிறாளே, அவளேதான். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தைக்காடு, வழுதக்காடு வீதிகளில் மீன் விற்கிறவள். முதல் வீட்டு வாசலில் அவள் கூவினால் பத்தாவது வீட்டில் பூனை எழுந்து உட்காரும். 1126 கும்ப மாதம், அதாவது ஐந்து வருஷம் முன்பு, அந்தக் குரல் கம்மிப் போய் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தொண்டை டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்தார், குரல்வளையில் கட்டி. ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார். துணுக்கு நசுங்கிப் போயிருந்தது. நம் திசு டாக்டர் வெங்கடகிருஷ்ணன் அதைப் பார்த்துத் தொண்டைப் புற்று என்று எழுதினார். இதை இங்கே சொல்ல அவரே அனுமதி தந்தார், "சொல்லும் ஓய், தப்பு பண்ணினதை நானும் எல்லார் எதிரிலும் உட்கார்ந்து கேட்கிறேன்" என்றும் சொன்னார். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பார்த்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்று தீர்மானமாயிற்று. உயிர் தப்ப வேண்டுமானால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும். அதன்பின் அவள் வாயால் ஒரு சொல் வராது. வெள்ளிக்கிழமை ஒப்புதல் காகிதத்தில் பெருவிரல் பதிக்க அவளை என் மேஜைக்குத்தான் கூட்டி வந்தார்கள். காற்றுப் போல ஒரு குரலில், "எனக்க ஒச்ச போச்செங்கி எனக்க கூடையும் போச்சு சாமி. மூணு புள்ளையள நான் எப்படி விளிக்கியது?" என்றாள். மைப்பெட்டியை நகர்த்தி வைத்தேன். நீர் அப்போது எதற்கோ ரிஜிஸ்தர் வாங்க வந்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தீர். ரிஜிஸ்தர் வாங்காமலே போனீர்.

மறுநாள் சனிக்கிழமை காலை அந்த நசுங்கிய துணுக்கின் மெழுகுக் கட்டியை எடுத்து, யாரும் சொல்லாமலே அடிவரைக்கும் சீவி, நசுங்காத ஓரத்தைக் கண்டுபிடித்துச் சில்லில் ஏற்றினீர். பார்த்தீர். சீட்டு எழுதினீர். டாக்டர் மேஜையில் வைத்தீர். பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்துத் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பூதப்பாண்டி போய்ச் சேர்ந்தீர். திங்கள் மத்தியானம்தான் திரும்புவதாக லீவு.

சீட்டில் இருந்தது மூன்றே சொல்: "மணியைக் கட்டாயம் நோக்கவும்."

இந்த ஆஸ்பத்திரியில் மணி என்றால் யார்? பிச்சுமணி! நாலு தெருவுக்கு அப்பால் அக்ரஹாரத்தில், உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கூடத்துத் தூணில் சாய்ந்திருந்தவனை, பியூன் வந்து, "டாக்டர் அர்ஜென்டா விளிக்குந்நு" என்று எழுப்பினான். தலையில் நாலு சொம்பு தண்ணீரைக் கொட்டிக்கொண்டு ஓடினேன்.

"என்ன ஓய், பிள்ளை உம்மைக் கட்டாயம் பார்க்கச் சொல்லியிருக்கார். என்ன விஷயம்?" என்றார் டாக்டர்.

"எனக்கென்ன தெரியும் ஸார்? நான் பாதி எண்ணெயோட வந்திருக்கேன்."

"அப்போ கடியாரத்தைப் பார்க்கச் சொல்றாரோ? ஒண்ணேகால் ஆறது. பார்த்தாச்சு. இந்தக் கேஸுக்குத்தான் ரிப்போர்ட் கொடுத்தாச்சே. திங்கட்கிழமை வரட்டும், அவரண்டையே கேட்டுக்கலாம்." இப்படிச் சொல்லிவிட்டு டாக்டர் சாப்பாட்டுக்குக் கிளம்பக் கை கழுவப் போனார்.

பிள்ளைவாள், இதற்கு மேல் நான் எழுதப் போவதை ஐந்து வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கு அப்போது ராகேல் ஞாபகமே இல்லை. என் கவலை எல்லாம் என்னைப் பற்றித்தான். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு ரிஜிஸ்தரை எங்கேயோ வைத்துவிட்டு, பழியை உம் பேரில் போட்டிருந்தேன். ஆகையால் நீர் என்மேல் ஏதோ புகார் எழுதிவைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கிறீர் என்று என் அற்ப புத்தி சொல்லிற்று. டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் நான் உமது கூடத்துக்குள் நுழைந்து உமது மேஜை இழுப்பறையைக் கிளறினேன். ஆமாம் ஓய், நான்தான். பிறத்தியான் இழுப்பறையை, எண்ணெய்க் கையோடு.

புகார் இல்லை. உமது படம் போட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது. புரட்டினேன். ஒரு பக்கத்தில் "மேத்தன் மணி" என்று தலைப்பு. கீழே வட்டமான ஓர் அணு. அதன் உள்ளே ஒரு பக்கமாக ஒதுங்கிய சின்ன வட்டம். அந்தச் சின்ன வட்டத்தின் விளிம்பைச் சுற்றிக் கடியாரத்து எண்கள் போலக் கரும்புள்ளிகள். அதோடு விட்டீரா? கிழக்கேகோட்டையில் கோவில் எதிரே இருக்கிற மேத்தன் மணி என்கிற பெரிய கடியாரத்தில் உள்ளது போலவே தாடிக்கார முகமும், இரண்டு பக்கமும் முட்ட வருகிற ஆட்டுக்கடாக்களும்! வேலைக்கு வந்த முதல் நாள், அந்தக் கடாக்கள் முட்டுவதைப் பார்க்க வாயைப் பிளந்துகொண்டு நின்று, ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவர் அல்லவா நீர். சிரிப்பு வந்தது. சிரித்த வாய் அப்படியே நின்றது. மணி! நான் இல்லை, நேரமும் இல்லை, இது!

நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஈரக் கையோடு படத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். உட்கார்ந்து உமது சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் தலையிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் தரையில் சொட்டின.

"ஓய் பிச்சுமணி," என்றார் கடைசியில், "இது நீர் இல்லை ஓய்! மேத்தன் மணி! முழுக்க முழுக்க மேத்தன் மணி!"

கடியார முகம் கொண்ட அந்த அணு மஜ்ஜையில் இருக்க வேண்டியது. தொண்டையில் வந்து கட்டியாகியிருந்தது. வழி தெற்றினது.

ஆபரேஷனை அன்றே நிறுத்தினார்கள். உடம்பு எலும்புகளையெல்லாம் எக்ஸ்ரே எடுத்து, மார்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையைப் பார்த்து, சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து, வேறெங்கும் அது இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கதிர்ச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். கத்தி படாமல் கட்டி கரைந்தது. மிதுன மாத மழையில் ஒரு நாள் காலை நம் ஆஸ்பத்திரி வாசலில், "நெத்திலியேய்! சாளையேய்!" என்று ஒரு கூவல். ஜெனரல் வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். மீனே தொடாத நான் வாசலுக்கு ஓடினேன். நீர் மட்டும் மெழுகு சீவும் மேஜையை விட்டு எழவில்லை. கத்தி நின்றிருந்ததை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நீர் ஊரிலிருந்து வந்த அடுத்த வாரம் உமது இழுப்பறைக்குப் புதிதாகப் பூட்டு வந்தது. எண்ணெய்க் கறை படிந்த நோட்டைப் பார்த்தும், யார் திறந்தது என்று நீர் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டின் சாவியை அன்று முதல் இன்று வரை என் மேஜைக்கு மேலே இருக்கிற ஆணியில்தான் மாட்டி வைத்தீர். இன்றைக்குச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளும்.

அந்த வாரமே டாக்டர் வெங்கடகிருஷ்ணன் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போடச் சொன்னார். "பிள்ளைவாள், இனிமே சீட்டெல்லாம் வேண்டாம். இதிலே உட்கார்ந்து வாயைத் திறந்து சொல்லும்" என்றார். உட்கார்ந்தீர். வாயைத்தான் திறக்கவில்லை. ஐந்து வருஷத்தில் அந்த ஸ்டூலில் இருந்து நீர் பேசியது, "சாரே, இந்த ஓரத்தக் கொஞ்சம் பாத்துக்கிடும்" என்பதைத் தாண்டவில்லை. நேற்று மாலைகூட, இன்றைய விழாவில் நீர் ஏற்புரை சொல்ல வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டு உமது மேஜையில் வைத்தோம். அது திரும்பி என் மேஜைக்கு வந்தது, சுற்றிய சீட்டோடு: "ஏற்புரை நீக்கவும்."

அன்புசால் ஐயா! உமது கத்தியை உமக்கே தந்தனுப்ப டாக்டர் இசைந்திருக்கிறார். பதினொரு சில்லுகளும், முத்தாரம்மாளின் பச்சையும், மேத்தன் மணியும் உள்ள நோட்டுப் புத்தகமும் இங்கேயே இருக்கும்; சாவி என் ஆணியில் இருக்கும். ஓய்வு பெறுகிறவருக்குச் சுவர்க் கடியாரம் கொடுப்பது வழக்கம் என்பதால் நாங்களும் ஒன்று வாங்கியிருக்கிறோம். மணியைக் கட்டாயம் நோக்கவும். இன்று மாலை பஸ் ஏறினால் பூதப்பாண்டி நம் ராஜ்யத்தில் இருக்கிறது. நாளைக்கு ஏறினால், புது எல்லைப்படி, சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டிருக்கும். எல்லையை எங்கே வேண்டுமானாலும் போடட்டும், எங்களுக்கு நீர் வேற்றூர்க்காரர் ஆகமாட்டீர். உமது இல்லத்தரசியார் சொர்ணம்மாளோடு நோய் நொடி அணுகாது, கண்ணொளி குன்றாது, கைந்நடுக்கம் காணாது, பேரன் பேத்திகளின் வர்ணப் பெட்டிகளைப் பறித்துக்கொண்டு நூறாண்டு வாழ்வீராக!

இந்த மடலின் கடைசி வரியைச் சொல்ல நாங்கள் ராகேலைத்தான் கேட்டோம். நல்ல தமிழில் ஒரு வாழ்த்து எழுதி மூன்று நாள் வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். "அதொக்க எனக்கு வராது சாமி, நான் கூடைய வச்சுக்கிட்டு விளிக்கியதுபோல விளிக்கட்டா?" என்றாள். சரி என்றேன். இன்றைக்கு இங்கே இருக்கிறவர்கள் அதை அவள் வாயால் கேட்பார்கள். பிற்காலத்தில் சட்டமிட்ட இந்த மடலைச் சுவரில் பார்த்து வாசிக்கிறவர்களுக்காக, அவள் விளிக்கப் போவதை அவள் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன். வாசிப்பை இங்கே நிறுத்துகிறேன். அம்மா ராகேல், விளி.

"பிள்ளேய்! எனக்க ஒச்ச கேட்டா? ஒங்களாலெயாக்கும் அது! நான் அஞ்சு வருசமா விளிச்சுக்கிட்டு நடக்கியேன், ஒங்க ஒச்சய நான் ஒருக்காகூடக் கேட்டதில்ல. எழிச்சு நின்னு ஒரு வாக்கு சொல்லும் பிள்ளேய்!"

இங்ஙனம்,
கரமனை தர்ம ஆஸ்பத்திரி ஊழியர் அனைவரும்

எழுதியவன்: பிச்சுமணி, ரிக்கார்டு கிளார்க்
(நிகழ்ச்சி நிரலிலிருந்து ஏற்புரை நீக்கப்படவில்லை.)